மெத்தான்னு சொல்லி வாயை அடைக்காதீங்க

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் பக்கம் தமிழ் பௌத்தக் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிடலாம். ஞாயித்துக்கிழமை சீன நண்பர்களோட சேர்ந்து உட்காருவோம், பாலி மொழியில ஓதுவோம், கொஞ்சம் தியானம், அப்புறம் சாப்பாடு. சின்னக் கூட்டம்ங்கறதால எல்லாருக்கும் ஒரே பயம்தான், சண்டை வந்தா உடைஞ்சிடும்னு. அதனால யாரு எதைக் கேட்டாலும் "விடுங்க, மெத்தா"ன்னு முடிச்சிடுவாங்க. மெத்தான்னா எல்லார் மேலயும் காட்டற அன்பு.

ஒரு வாரம் ஒரு அக்கா விடல. சிங்க்ல இருந்து நுரைக் கையோட வந்து நின்னு, "தட்டு கழுவறது எப்பவும் நாங்க நாலு பொம்பளைங்கதானா, நீங்கல்லாம் தர்மம் பேசிக்கிட்டே தே ஓ குடிங்க"ன்னு கேட்டுட்டாங்க. ஒரு அங்கிள் ஃபேனையே பாத்துட்டு இருந்தாரு. பெரியவர் ஒருத்தர் கோபம்தான் துக்கத்துக்கு வேர்னு ஆரம்பிச்சாரு. "கோபம் இல்ல சார், முதுகு வலி"ன்னாங்க அக்கா.

எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. தோட்டத்துல மண்டோரை, அதான் மேஸ்திரியை, எதுத்து ஒரு வார்த்தை பேசினா மறுநாள் காலையில வேலை பிரிக்கற பெரட்டுல கஷ்டமான மேட்டு நிரைதான் கிடைக்கும், அதனால அடங்கிப் போறவன்தான் நல்ல ஆளுன்னு பழகிப் போச்சு. அதே பழக்கத்துக்கு இப்ப காவி கட்டி விட்டுட்டு அமைதின்னு சொல்லிக்கறோமோன்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.

பிக்குகளோட ஒழுங்கு விதி நூலான விநயத்துல ஒரு கதை இருக்கு. கோசல நாட்டுல பிக்குகள் சில பேரு மழைக்காலம் மூணு மாசமும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதே இல்லன்னு முடிவு பண்ணாங்க, பேசினாத்தானே சண்டை, தண்ணிப் பானை தூக்கணும்னாக் கூட கை ஜாடைதான். முடிச்சுட்டு புத்தர்கிட்ட வந்து சுகமா ஒத்துமையா இருந்தோம்னாங்க. அவரு பாராட்டல, திட்டினாரு. ஆடு மாடு மாதிரி சேந்து கிடந்துட்டு அதைப் போய் சுகம்ங்கறீங்களேன்னு கேட்டு, அந்த மௌன விரதமே கூடாதுன்னுட்டாரு. அதுக்கு மாத்தா வந்ததுதான் பவாரணை. மழைக்காலம் முடியற அன்னிக்கு ஒவ்வொரு பிக்குவும் கை கூப்பி, என்கிட்ட தப்பு எதாவது பாத்திருந்தா, கேட்டிருந்தா, சந்தேகப்பட்டிருந்தா இரக்கப்பட்டு சொல்லுங்க, திருத்திக்கறேன்னு கேக்கணும். மூத்தவர்தான் முதல்ல. புத்தரே ஒரு தடவை ஐந்நூறு பிக்குகள் முன்னாடி இப்படிக் கேட்டதா சூத்திரம் சொல்லுது. நம்ம கமிட்டியில யாராவது கேப்பாங்களா? சரி, விடுங்க.

அதுக்காக சண்டை எல்லாமே நல்லதுன்னு சொல்ல வரல. கோசாம்பிங்கற ஊர்ல பிக்குகளுக்குள்ள, கழிவறைப் பாத்திரத்துல மிச்சத் தண்ணி விட்டது தப்பா இல்லையான்னு ஆரம்பிச்சு சங்கமே ரெண்டாச்சு, புத்தர் சொல்லியும் கேக்கல, அவரு காட்டுப் பக்கம் போயிட்டாரு, ஊர்க்காரங்க சோறு போடறதை நிறுத்தின பிறகுதான் வழிக்கு வந்தாங்க. அங்க ரெண்டு பக்கமும் ஆள் சேத்தாங்க. அக்கா யாரையும் சேக்கல, நேரா முகத்தைப் பாத்து கேட்டாங்க, கேட்டுட்டு அடுத்த வாரமும் வந்தாங்க. என் கணக்குல மெத்தா அதுதான்.

இதுக்கு முன்னாடி எங்க கூட்டத்தை விட்டுப் போனவங்க ஒருத்தரும் சண்டை போட்டுட்டுப் போகல, சிரிச்சுக்கிட்டே வேலை இருக்குன்னு சொல்லி வர்றதை நிறுத்திட்டாங்க. இப்ப சிங்க் மேல பேர் எழுதி ஒட்டியிருக்கு, ஆம்பளைங்க பேரும் சேத்து. ஃபேன் பாத்த அங்கிள் கழுவற தட்டுல எண்ணெய் அப்படியே இருக்கு, அதையும் அக்கா சொல்லிட்டாங்க.