வில்லங்கம் பார்க்கத் தெரிந்தவருக்கு துபாயில் ஒரு வேலை

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வளர்ந்த பெண்ணுக்கு நிலத்துப் பேச்சு புதிதல்ல. தாய்ப்பத்திரம் யாரிடம், வில்லங்கம் எத்தனை வருஷத்துக்குப் போட்டது, பட்டா மாறிவிட்டதா, நான்கு மால் எல்லை ஒத்துவருகிறதா என்பதெல்லாம் திண்ணையில் காதில் விழுந்தே வளர்ந்திருப்பார். கணவரோடு துபாய் போய், பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்தபின் வேலை தேடுகிறவர்களில் பலர் டீச்சர் வேலைக்கும் கணக்கு எழுதும் வேலைக்கும்தான் விண்ணப்பிக்கிறார்கள். ஃபிளாட் விற்கும் ஏஜென்ட் வேலை அதைவிட நம் பெண்களுக்குப் பொருந்தும். ஒன்றாம் தேதி சம்பளத்தை மட்டும் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஊரைவிட்டுக் கிளம்புமுன் முடிக்க வேண்டியது சான்றிதழ் வேலை. பட்டத்தைச் சென்னையில் மாநில உயர்கல்வித் துறை, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் அட்டஸ்டேஷன், அதாவது அசல்தான் என்று முத்திரை வாங்கும் வேலையை முடித்து, அங்கே போனதும் அமீரக வெளியுறவு அமைச்சக முத்திரையும் வாங்க வேண்டும். அங்கே போய் உட்கார்ந்துகொண்டு கூரியரில் அனுப்பி முடிக்க நினைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பட்டத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் என்றால் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். திருமணச் சான்றையும் சேர்த்து அட்டஸ்ட் செய்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து விசிட் விசாவிலேயே சிக்கல் வருகிறது. அதைத் திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தில் முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது.

கணவர் ஸ்பான்சரில் இருப்பவர் விசாவை மாற்றாமலே வேலை பார்க்கலாம். கம்பெனி தொழிலாளர் அனுமதி எடுத்துத் தந்தால் போதும். ஆனால் கம்பெனி இல்லாமல் தனியாளாகத் தரகு பார்க்க முடியாது. துபாய் நிலத்துறையின் கீழ் 2007இல் அமைந்த ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அமைப்புதான் இதற்குப் பொறுப்பு. பதிவு பெற்ற தரகு நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, போலீஸ் நன்னடத்தைச் சான்று வாங்கி, துபாய் ரியல் எஸ்டேட் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி முடித்து, தேர்வில் தேறினால் தரகர் எண் போட்ட அட்டை கிடைக்கும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வருமுன் "தெரிந்தவருக்கு ஒரு வீடு காட்டினேன்" என்று கமிஷன் வாங்குவது சட்டப்படி குற்றம். ஊரில் டீக்கடை பெஞ்சிலிருந்தே தரகு பார்ப்பவரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது மறந்துபோகும். இந்த அட்டை துபாய்க்கு மட்டும்தான். நம் ஆட்கள் ஏராளமாகக் குடியிருக்கும் ஷார்ஜாவில் செல்லாது.

தொழில் முழுக்க நான்கு படிவத்தில் அடங்கும். விற்பவரோடு போடுவது ஏ, வாங்குபவரோடு போடுவது பி, இரண்டு ஏஜென்ட்கள் கமிஷனைப் பங்கு போட ஐ, விற்பவரும் வாங்குபவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் எஃப். நம் ஊர் கிரய ஒப்பந்தத்தின் இடத்தில் இருப்பது எஃப். ஏ படிவம் இல்லாமல் விளம்பரத்துக்கான டிராகீசி அனுமதி கிடைக்காது. அந்த அனுமதி எண் இல்லாமல் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வீட்டுப் படம் போட்டால்கூட அபராதம் வரலாம். புதிதாக வருகிறவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான். அடுத்தது ஐ படிவம். இன்னொரு ஏஜென்டை வாய்ப்பேச்சில் நம்பி ஆளைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பங்கு கேட்கும்போது கையில் காகிதம் இருக்காது.

ஏற்கெனவே ஒருவர் வாங்கிய வீட்டை மறுபடி விற்கும்போது, எஃப் படிவத்தோடு வாங்குபவர் 10 சதவீதத்துக்குச் செக் கொடுப்பார். விற்பவர் பராமரிப்புக் கட்டண பாக்கியைத் தீர்த்துவிட்டு, கட்டிய நிறுவனத்திடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்க வேண்டும். பிறகு நிலத்துறைக்காகப் பத்திரம் பதியும் டிரஸ்டி அலுவலகத்தில் மேனேஜர் செக் (வங்கியே எழுதித் தரும் செக்) கொடுத்தால் அன்றே பத்திரம் மாறும். விற்பவருக்கு வங்கிக் கடன் இருந்தால் எவ்வளவு பாக்கி என்று வங்கி தரும் கடிதம் வரவே நாள் பிடிக்கும். எஃப் படிவத்தில் கடைசித் தேதியை நெருக்கமாகப் போட்டுவிட்டு ஏஜென்ட்கள் முழிப்பது அதனால்தான்.

செலவுக் கணக்கைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவரிடம் ஆட்கள் திரும்ப வருவார்கள். 10 லட்சம் திர்ஹாம் ஃபிளாட், முதல் வீடு, வெளிநாட்டவர் என்றால் வங்கி அதிகபட்சம் 80 சதவீதம் தரும். கைக்காசு 2 லட்சம். நிலத்துறைக் கட்டணம் 4 சதவீதம், 40,000. கமிஷன் வழக்கமாக 2 சதவீதம், 5 சதவீத வாட் வரி சேர்த்து 21,000. டிரஸ்டிக்கு வாட்டோடு 4,200. அடமானப் பதிவு கடனில் 0.25 சதவீதம், 2,000. ஆக 2,67,200. சில்லறைக் கட்டணங்கள் தனி. இந்த 67,000ஐ முதல் நாளே சொல்லாமல் விட்டால் விற்பனை கடைசி வாரத்தில் முறியும். அந்த 20,000 கமிஷனும் முழுதாக உங்கள் கைக்கு வராது. கம்பெனியோடு பாதிப் பாதி என்பது சாதாரணம், அடிப்படைச் சம்பளம் பெரும்பாலும் கிடையாது. குறுவை விதைத்தவருக்கும் மூன்றரை மாதத்தில் நெல் வந்துவிடும். இங்கே முதல் கமிஷன் அதற்குமேலும் தள்ளிப்போகலாம். ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் இறங்காதீர்கள்.

கராமா, தேரா பக்கம் நம்மவர்கள் அதிகம் என்றாலும் அங்கே பெரும்பாலும் வாடகைதான். வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கக்கூடிய இடங்கள் இன்டர்நேஷனல் சிட்டி, சிலிக்கான் ஓயசிஸ், மெரினா போன்றவை. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய் நாளைக்கு நான்கு வீடு காட்ட முடியாது. டிரைவிங் லைசென்ஸ் எடுங்கள். இந்திய லைசென்ஸை அப்படியே மாற்றித் தரமாட்டார்கள், தேர்வு உண்டு. வாடகையில் தொடங்குவது புத்திசாலித்தனம். தொகை சிறிது, ஆனால் சீக்கிரம் முடியும். வாடகை ஒப்பந்தத்தை எஜாரி என்ற அரசுப் பதிவு முறையில் பதிவது, வாடகை உயர்வுக்கு 90 நாள் முன்னறிவிப்பு, வீட்டை விற்கவோ தான் குடியேறவோ காலிசெய்யச் சொன்னால் 12 மாத நோட்டீஸ் ஆகியவை விரல்நுனியில் இருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவரே இரண்டு வருஷம் கழித்து வாங்க வருவார்.

கட்டிமுடியாத ஃபிளாட்டில்தான் கமிஷன் அதிகம், ஆபத்தும் அதிகம். வாங்குபவர் பணம் அந்தத் திட்டத்தின் பெயரில் உள்ள எஸ்க்ரோ கணக்குக்கே, அதாவது அந்தத் திட்டத்துக்கென்றே ஒதுக்கிய வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். 2007இன் 8ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வேறு கணக்கு எண் கொடுத்தால், வயலில் வெள்ளைக் கல் நட்டு "அங்கீகாரம் வந்துவிடும்" என்று சொல்லும் மனை வியாபாரம் மாதிரிதான்.

ஊர்க்காரர்கள்தான் முதல் வாடிக்கையாளர்கள். நிலத்தை விற்று துபாயில் போடலாமா என்று கேட்பார்கள். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் வங்கிவழி அனுப்பக்கூடியது ஒருவருக்கு 2,50,000 டாலர். வங்கியில்லாமல் ஆள்வழி உண்டியலில் அனுப்புகிறேன் என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். வீடு வாங்க 55,000 திர்ஹாமோ அதற்குமேலோ ரொக்கமாகக் கொடுத்தால் தரகர் அரசுக்குத் தகவல் தர வேண்டும். துபாய்ச் சம்பளத்தில் ஊரில் இரண்டு மா நஞ்சை வாங்கித் தரச் சொல்பவர்களும் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வரலாம். ஊர் மனையை விற்க அனுப்பும் பவர் பத்திரத்தைத் தூதரகத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு கிரயத்துக்குத் தேதி குறித்தால், சார்பதிவாளர் அலுவலக வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.