படகு எஞ்சினுக்கு ஒரு ஆயில் பம்ப்

எங்கள் இழுவைமடிப் படகில் ஆயில் மாற்ற வேண்டுமென்றால் அண்ணனும் நானும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவுவோம். லாரி என்றால் அடியில் படுத்து, ஆயில் வடிக்கும் நட்டைக் கழற்றிவிடலாம். படகில் சம்புக்கும் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அடிப்பலகைக்கும் நடுவே கைகூடச் சரியாக நுழையாது, கழற்றினாலும் ஆயில் கீழே தேங்கிய தண்ணீரில் கலந்து, அப்புறம் அதை இறைக்கும்போது கடலுக்குத்தான் போகும்.

இந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருவழியாக உட்கார்ந்தோம். வடிநட்டு இருந்த இடத்தில் பித்தளை நிப்பிள் (சின்ன இணைப்புக் குழாய்), அதை ஒட்டியே ஒரு வால்வு (ஓஸ் பிய்ந்தாலும் ஆயில் மொத்தமும் கொட்டாது), அங்கிருந்து ஓஸ், மேலே 12 வோல்ட் பம்ப். முதலில் வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸைத்தான் மாட்டினேன். பம்ப் உறிஞ்சியதும் அது சப்பையாக ஒட்டிக்கொண்டது, அண்ணன் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். உள்ளே கம்பி சுற்றிய ஆயில் ஓஸ் போட்டபின் சரியானது.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிட்டு பம்பைப் போட்டால், இளகிய ஆயில் கருகருவென்று நேராகக் கேனுக்கு வந்துவிடுகிறது. ஃபில்டருக்குத்தான் இன்னும் பழைய வழி: பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திருகுகிறோம்.