செயின்ட் ஐவ்ஸும் கேம்போர்னும் ஒன்றல்ல

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் மாவட்டம் முழுக்க எல்லா ஊருக்கும் ஒரே பார்க்கிங் கட்டணம்தான் நியாயம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. கோடைக்காலத்தில் கடலோரச் சுற்றுலா ஊரான செயின்ட் ஐவ்ஸின் குறுகலான தெருக்கள் கார்களால் திணறும். அங்கே கட்டணம் கூடுதலாக இருக்கட்டும், சரி. கேம்போர்ன் அப்படியா? வெள்ளீயச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். அருகிலிருந்த சவுத் கிராஃப்டி சுரங்கமும் 1998-இல் மூடப்பட்டது. பத்து நிமிடம் நின்று ரொட்டி வாங்குபவரிடம் ஒரு மணி நேரக் காசு கேட்டால், இலவசமாக நிறுத்த இடமுள்ள சூப்பர்மார்க்கெட்டுக்குத்தான் போவார். அப்புறம் கடைத்தெரு என்ன ஆகும்?

கட்டணம் வசூலிக்கும் கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி மன்றத்துக்கு, பணத் தட்டுப்பாடு, புரிகிறது. ஆனால் வருமானத்தைப் பெருக்குவதற்காகக் குடியிருப்போரின் பார்க்கிங் கட்டணத்தை ஏற்றியது சட்டவிரோதம் என்று 2013-இல் லண்டனின் பார்னெட் பகுதி கவுன்சில் மீதான வழக்கில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டதே. சின்ன ஊர்களில் முதல் அரை மணி நேரத்தையாவது இலவசமாக விடுங்கள்.