குழு மலையிறங்கிய பிறகு

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் தமிழ்நாட்டுச் சபைகளில் பணித்தளப் பயணத்துக்கு, அதாவது மிஷனெரிகள் ஊழியம் செய்யும் தொலைதூர ஊர்களுக்குச் சில நாள் போய் உதவிவிட்டு வருவதற்கு, ஆள் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். வாலிபர் ஐக்கியத்திலிருந்து ஏழெட்டுப் பேர், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர், கூடவே போதகர் என்று பன்னிரண்டு பேர் தேறுவார்கள். சென்னையிலிருந்து ஹௌராவுக்கு ஒரு நாளுக்கு மேல் ரயில், அங்கிருந்து பர்ஹர்வா பக்கம் இன்னொரு ரயில், அடிவாரம் வரை ஜீப், அதற்கு மேல் நடை. ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலைகளில் வாழும் மால்தோ மக்களிடம் இப்படித்தான் போய்ச் சேர முடியும். சௌரியா பஹாடியா என்று அரசு ஆவணங்கள் சொல்வது இவர்களில் பெரும்பாலானவர்களைத்தான். அவர்கள் பேசும் மால்தோ திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனாலும் தமிழ்க் காதுக்கு ஒரு வாக்கியம்கூடப் பிடிபடாது.

தமிழ்ச் சபைகளுக்கு இந்த வழக்கம் புதிதல்ல. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய நெல்லைக் கிறிஸ்தவர்கள் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர்களில் முக்கியமானவரான வே. ச. அசரியா 1912-ல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், எடின்பரோ மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளை நேருக்கு நேர் பார்த்து, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர் அவர். இன்று நூறு பிள்ளைகளுக்குப் பென்சில் பெட்டியும் பத்து அட்டைப்பெட்டி மாத்திரையுமாக மலையேறும் நம்முடைய குழுக்களிடம் மால்தோ ஊர்கள் கேட்கவேண்டியதும் அதையேதான்.

இந்தக் குழுக்கள் செய்யும் முதல் பிழை நாள் குறிப்பதிலேயே நடந்துவிடுகிறது. நமக்குப் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருகிறது. மலையில் அப்போது ஊற்றுகள் வற்றிக் கிடக்கும், வேலை தேடிப் பாதிப் பேர் கீழே போயிருப்பார்கள். மலேரியா கூடுவது மழை தொடங்கிய பிறகு, அக்டோபர் நவம்பர் வரை. வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் மருத்துவக் குழு வர முடியும் என்றால் அது பூஜை விடுமுறையை ஒட்டி வரவேண்டும். வாரச்சந்தை எந்தக் கிழமை என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சந்தை நாளில் முகாம் போட்டால், விறகும் காராமணியும் சுமந்துகொண்டு ஊரே இறங்கிப் போயிருக்கும். நடக்க முடியாத கிழவர்களும் கைக்குழந்தைகளும்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்தது தண்ணீர். நகரத்துப் பிள்ளை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் குளிக்க, துவைக்க, கழுவ என்று நாளுக்கு இருபது லிட்டர் ஆகும். பன்னிரண்டு பேருக்கு 240 லிட்டர். குடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்றால் இருபது குடம். ஊற்று மலைச்சரிவில் கீழே இருக்கிறது. நிறைகுடத்தோடு ஏறிவர முக்கால் மணி பிடித்தால், ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் அந்த ஊர்ப் பெண்கள் விருந்தாளிகளுக்காகவே ஏறி இறங்குகிறார்கள். யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அரிசியும் அப்படித்தான். ஆளுக்கு நானூறு கிராம் வைத்தாலும் ஐந்து நாளில் இருபத்து நாலு கிலோ. மிக ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் முழுவதற்கும் கிடைப்பது 35 கிலோ. விருந்து என்று கோழியடித்துப் போடுவதை மறுக்கக் கூடாது, அது அவர்களுடைய மரியாதை. ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் பர்ஹர்வா கடைத்தெருவில் வாங்கி ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஊற்றுக்கே இறங்கிப்போய்க் குளிக்க வேண்டும். பெண்கள் தண்ணீர் எடுக்கும் காலை நேரத்தை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும். சமையலுக்குத் தண்ணீர் சுமப்பவருக்கு நாள் கூலி கொடுக்க வேண்டும்.

மருத்துவ முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நன்மையும் கேடும் அதிகம் நடப்பது அங்கேதான். ஒரே நாளில் முந்நூறு பேரைப் பார்த்தோம் என்று ஆராதனையில் சாட்சி சொல்வார்கள். ஒரு டாக்டர், ஆறு மணி நேரம், முந்நூறு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிஷத்துச் சொச்சம். அதற்குள் பேச்சு மொழிபெயர்ந்து போய் வரவும் வேண்டும். அறுபது டோக்கனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அப்போதுதான் ஒருவருக்கு ஆறு நிமிஷம் கிடைக்கும், வயிற்றைத் தொட்டுப் பார்க்கவாவது நேரம் இருக்கும்.

வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது இந்த மலையில் சின்ன விஷயம் இல்லை. சாகிப்கஞ்ச், பாகுட், கோட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்களும் காலா அசார் காய்ச்சலுக்குப் பேர்போனவை. மணல் ஈ கடித்துப் பரவும் நோய் இது. அந்த ஈ மண்சுவர் விரிசலிலும் மாட்டுத் தொழுவத்திலும் அண்டியிருக்கும். இரண்டு வாரம் தாண்டியும் விடாத காய்ச்சல், மெலிந்த உடம்பு, இடப்பக்க விலாவுக்குக் கீழே வீங்கிய மண்ணீரல் மூன்றும் சேர்ந்திருந்தால், இந்த நோயைக் கண்டறியும் ஆர்கே 39 பட்டைச் சோதனை செய்யும் இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். முன்பே இந்த நோய்க்குச் சிகிச்சை எடுத்தீர்களா என்றும் கேட்க வேண்டும், ஏனென்றால் குணமானவருக்கும் அந்தப் பட்டை நெடுநாள் பாசிட்டிவ் காட்டும். சிகிச்சை ஒரே நாளில் நரம்பில் ஏற்றும் லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி என்ற மருந்து, கிலோ எடைக்கு 10 மில்லிகிராம். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இதே நோய் ஆறிய பிறகு சிலருக்கு முகத்திலும் மார்பிலும் வெளிறிய திட்டுகள் வரும். வலியும் அரிப்பும் இல்லாததால் அவர்களும் பெரிதாகச் சொல்லமாட்டார்கள். தேமல் என்று நினைத்து நம் நர்ஸ் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார். அந்தத் திட்டில் கிருமி உயிரோடு இருக்கிறது, அவரைக் கடிக்கும் ஈ வழியாக அடுத்த வீட்டுக்கும் நோய் போகும். குழு கிளம்புவதற்கு முன்பே டாக்டரும் நர்சுகளும் இந்தத் திட்டுகளின் படங்களைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் படித்து வேலை பார்ப்பவர்களில் பலர் இந்த நோயைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

மலேரியாவில் வேறு வகை ஆபத்து. காய்ச்சல் என்று வந்தவருக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கும், ஆள் தெம்பாக எழுந்து போவார். குழுவுக்கு நல்ல பேர் கிடைக்கும். உயிருக்கே ஆபத்தான பால்சிபாரம் வகை மலேரியாவாக இருந்தால் ஓரிரு நாளில் அது மூளையைத் தாக்கலாம், குழு அதற்குள் மலையிறங்கியிருக்கும். காய்ச்சல் என்று வருபவர் யாராக இருந்தாலும் முதலில் விரலில் குத்திச் சோதனை, பிறகுதான் மாத்திரை. சோதனை அட்டையில் எழுதியிருக்கும் நேரத்தில், பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது நிமிஷத்துக்குள், கோடுகளைப் பார்த்துவிட வேண்டும். கூட்டத்தில் மறந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் இல்லாத கோடு தெரியலாம். ஜீப்பின் முன்கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்துக் கொண்டுவந்த அட்டைகளை நம்பவே கூடாது.

இந்தச் சோதனை அட்டையும் மாத்திரையும் ஊரிலேயே ஒருவரிடம் இருக்க வேண்டியவை. தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு இது. மற்ற மாநிலங்களில் ஆஷா எனப்படும் சுகாதாரப் பெண் தொண்டருக்கு ஜார்க்கண்டில் சஹியா என்று பெயர். வருடம் முழுவதும் மலையில் இருக்கப்போகிறவர் அவர்தான். முகாமில் அவரை டோக்கன் கொடுக்க வைத்து, வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் மாத்திரை கொடுத்தால், குழு போனபின் ஜனங்கள் அவரிடம் போகமாட்டார்கள், மதராசி டாக்டருக்காக அடுத்த வருடம்வரை காத்திருப்பார்கள். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி சஹியாவுக்குத்தான். விரலில் குத்துவது அவர் கை, முடிவைச் சொல்வது அவர் வாய். டாக்டர் அவருக்குத் துணை நின்றால் போதும்.

மருந்து மூட்டையும் சோதிக்க வேண்டிய ஒன்று. சபையில் மருந்து காணிக்கை என்று அறிவித்தால் டாக்டர்களுக்கு வந்த சாம்பிள்கள் குவியும். காலாவதிக்கு இரண்டு மாதம், மூன்று மாதம்தான் மிச்சமிருக்கும். நன்கொடை மருந்துக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் மீதி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஒரே மருந்து நாலு கம்பெனிப் பெயரில் இருந்தால் நாலும் வேறுவேறு என்று நினைத்துச் சேர்த்துச் சாப்பிடுவார்கள். இருபது வகைக்கு மேல் மருந்து வேண்டாம், வகைக்கு ஒரே கம்பெனி போதும். உறையில் எழுத்துக்குப் பதில் சூரியனும் நிலாவும் வரைந்து, அதன் கீழே மாத்திரை எண்ணிக்கைக்குப் புள்ளி வைக்க வேண்டும். வாங்கியவரையே திரும்பச் சொல்லச் சொல்ல வேண்டும். ஊசி கேட்பவர்கள் நிறைய இருப்பார்கள். மனது கேட்காமல் பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுவிடுவது பெரிய தீங்கு, ஏனென்றால் மறுவாரமே அந்த ஊசிக்காக அடிவாரத்துப் போலி டாக்டரிடம் காசு கொடுப்பார்கள்.

பணித்தளத்திலேயே குடியிருந்து மால்தோ பேசக் கற்ற தமிழ் மிஷனெரி ஒருவர்தான் இருப்பார். நாலு மேஜைக்கும் அவரே மொழிபெயர்க்க வேண்டும் என்று இழுத்தால், ஐந்து நாள் அவருடைய விடுதியும் பள்ளியும் நின்றுபோகும். இந்தி தெரிந்த ஊர் வாலிபர்களை மேஜைக்கு ஒருவராக, கூலி கொடுத்து அமர்த்த வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே அவர்களை உட்காரவைத்துக் கேள்விகளைப் பழக்க வேண்டும். குழுவிலும் இந்தி தெரிந்தவர்கள் மூன்று பேராவது வேண்டும்.

ஜெபத்தையும் சிகிச்சையையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. மாத்திரை வாங்கிவிட்டுப் போகும் வழியில் ஜெப மேஜை இருந்தால், வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒரு ஏழைப் பெண்ணுக்கு இருக்காது. அப்படி வாங்கிய தலையசைப்பு கர்த்தருக்கும் மகிமை இல்லை, அவளுக்கும் மரியாதை இல்லை. ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடைச் சட்டமும் இருக்கிறது, சந்தேகம் வந்தால் அடிபடுவது ரயிலேறிவிட்ட நாம் இல்லை, அங்கேயே இருக்கும் மிஷனெரியும் ஊர் விசுவாசிகளும். ஆராதனை இரவில், வேறு இடத்தில், விரும்பி வருபவர்களுக்கு.

பிள்ளைகளுக்காகக் குழு நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளி பற்றி ஒன்றிரண்டுதான். சாக்லேட் வீசக் கூடாது, அடுத்து வரும் ஜீப்பின் பின்னால் பிள்ளைகள் ஓடப் பழகிவிடுவார்கள். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக் கூடாது. மூக்கொழுகும் பிள்ளையின் படத்தைச் சபை வாட்ஸ்அப்பில் போட அவள் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பழைய துணியும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் யாரும் எடுக்காமல் குவிந்து கிடந்த துணிகளைப் பார்த்த நமக்கு இதை இன்னொருவர் சொல்லத் தேவையில்லை.

கட்டட வேலைக்கு வரும் குழுக்கள் ஹோண்டுராஸ் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. 1998-ல் மிட்ச் சூறாவளி அந்த நாட்டை அழித்தபின் வட அமெரிக்கச் சபைக் குழுக்கள் போய் வீடு கட்டிக்கொடுத்தன. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு ஏறக்குறைய 2,000 டாலரில் கட்டியது போன்ற வீட்டை இந்தக் குழுக்கள் கட்டியபோது, அவர்களின் பயணத்தையும் சேர்த்தால் 30,000 டாலர் வரை ஆனது. பின்னால் ஆராய்ந்தபோது, யார் கட்டிய வீட்டில் குடியிருந்தாலும் அந்தக் குடும்பங்களின் வாழ்வில் வித்தியாசம் தெரியவில்லை. குழுவில் போனவர்கள் தங்கள் காணிக்கை கூடிவிட்டதாகச் சொன்னார்கள், கணக்குப் புத்தகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டாவது செய்திதான் எங்களை அதிகம் வருத்துகிறது. பயணம் ஆளை மாற்றும் என்பது உண்மை. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் திரும்பி வரும்போது அழாத வாலிபர் குறைவு. ஆனால் அந்த உருக்கம் ஜூன் மாதம் கல்லூரி திறக்கும்வரைதான் தாங்குகிறது, அதைப் பிடித்துவைக்கச் சபை ஒன்றும் செய்யாவிட்டால். செய்யக்கூடியவை சாதாரணமானவை. திரும்பும் ரயிலிலேயே ஒவ்வொருவரும் தான் எடுத்துக்கொள்ளும் ஒரு வேலையை எழுதிப் போதகரிடம் கொடுக்கட்டும். ஒருவர் இந்தி படிக்கலாம். ஒருவர் மாதம் 200 ரூபாயை விடுதிப் பிள்ளைக்கு ஒதுக்கலாம். மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளை இருந்தால், சபையின் பரிந்துரையோடு வேலூர் சிஎம்சியில் சேர்ந்து, படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் பணிசெய்யும் வழி இருப்பதை அப்போதே சொல்லவேண்டும். மூன்றாம் மாதம் எல்லோரையும் கூட்டி, எழுதிக்கொடுத்த தாளை எடுத்து வாசிக்க வேண்டும்.

அதே கூட்டத்தில் இன்னொரு தாளும் வாசிக்கப்பட வேண்டும். முகாமில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்பியவர்களின் பட்டியல் அது. ஒரு பிரதி சஹியாவிடம், ஒன்று மிஷனெரியிடம், ஒன்று குழுவிடம். காலா அசார் சந்தேகமுள்ளவர் சாகிப்கஞ்சில் உள்ள சதர் ஆஸ்பத்திரிக்கு, அதாவது மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்கு, போகாமல் இருப்பது பெரும்பாலும் மருந்துக்கு அஞ்சி அல்ல. ஜீப் கூலி, கூட வருபவரின் இரண்டு நாள் சம்பளம், அங்கே சாப்பாடு, ஆஸ்பத்திரியில் இந்தியில் பேச ஒரு ஆள் என்ற நாலும் இல்லாததால். பத்து நோயாளிகளுக்கான இந்தச் செலவைக் குழு கிளம்பும்போதே மிஷனெரியிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆளுக்கு எட்டாயிரம் என்று பன்னிரண்டு பேர் 96,000 ரூபாய் செலவழித்து வரும் பயணத்தில் இரண்டு பேரைக் குறைத்தால் அந்தப் பணம் வந்துவிடும். அடுத்த வருடம் வரும் குழுவில் முந்தின வருடம் வந்த இருவராவது இருக்க வேண்டும், அவர்கள் மலையேறியதும் முதலில் போகவேண்டியது அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு.