ஒரு முகவரிக்கு 63 வீடுகள்

ஜூன் 3, 2024, திங்கள்

யாழ்ப்பாணத்தில் இன்டர்நெட் கொடுக்கும் எங்கள் கையில் இருந்த ஐபிவி4 முகவரிகள் (இணையத்தில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள்) தீரும் நிலைக்கு வந்துவிட்டன. கோப்பாய்ப் பக்கம் புதிதாக ஃபைபர் இழுத்த வீடுகளுக்குக் கொடுத்தால் மிச்சம் சொற்பம்தான். "இன்னும் கொஞ்சம் வாங்கலாம்தானே?" என்று கணக்குப் பிரிவில் கேட்கிறார்கள். எங்கே வாங்குவது? ஆசிய-பசிபிக் பகுதிக்கு முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஏப்னிக்கின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. 2019 தொடக்கம், புதிதாகச் சேரும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 512 முகவரிகள்தான். வெளிச்சந்தை விலைக்கு எங்களைப் போன்ற சின்ன சேவை வழங்குநரால் தாக்குப்பிடிக்க முடியாது.

ஆகவே சிஜிநாட், அதாவது சேவை வழங்குநரே செய்யும் முகவரி மொழிபெயர்ப்பு. பல வீடுகள் ஒரே பொது முகவரியில் வெளியே போகும். யாருடைய பொதி (தரவுத் துண்டு) எது என்பதை எங்கள் ரவுட்டர் போர்ட் எண்ணை (ஒரு முகவரிக்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) வைத்துப் பிரித்தறியும்.

உள்ளே எந்த முகவரியைக் கொடுப்பது என்று பின்னேரம் முழுக்கக் கதைத்தோம். 10இல் தொடங்கும் வரிசையை (வெளி இணையத்தில் செல்லாத, உள்பாவனைக்கான முகவரிகள்) கொடுக்கலாம் என்றார் கூட வேலை செய்யும் அண்ணை. நான் மறுத்தேன். எங்கள் கோபுரங்களும் அலுவலகமும் அதில்தான் ஓடுகின்றன. சில வாடிக்கையாளர்களும் வீட்டுக்குள் அதையே வைத்திருக்கிறார்கள். வீட்டு ரவுட்டரின் இரண்டு பக்கமும் ஒரே வரிசை வந்தால் அது திசை தெரியாமல் நிற்கும். சேவை வழங்குநருக்கும் வாடிக்கையாளருக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதிக்கென்றே 2012இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒதுக்கிய 100.64.0.0/10 இருக்கிறது. ஏறத்தாழ 42 இலட்சம் முகவரிகள், யாழ்ப்பாணத்துக்குத் தாராளம். அண்ணையும் கடைசியில் சரி என்றார்.

ஜூன் 5, புதன்

இன்று பேப்பரும் பேனையும்தான். ஒரு வீட்டுக்கு எத்தனை போர்ட்?

ஒரு முகவரியில் 65,536 போர்ட்கள். முதல் 1,024ஐத் தொடமாட்டோம். மீதியை 1,024 வீதம் பிரித்தால் 63 வீடுகள். 512 வீதம் என்றால் 126 வீடுகள். மேலிடத்துக்கு 126தான் பிடித்திருக்கிறது. எனக்கு 63க்குக் கீழ் இறங்க மனமில்லை. இரவு எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஸ்மார்ட் டிவி, நான்கு போன்கள், சூமில் ஓ/எல் டியூஷன், லண்டனில் இருந்து வீடியோ கோல். ஒவ்வொரு செயலியும் பத்து இருபது இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும். போர்ட் தீர்ந்தால் இணைப்பு முழுதாக அறுந்துவிடாது, அதுதான் பொல்லாத விஷயம். பாதிப் பக்கம் வரும், படங்கள் வராது. "நெட் ஸ்லோ" என்று ஆட்கள் கோல் எடுப்பார்கள். லைன் வேகத்தைச் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும்.

இன்னொரு வழியாலும் போர்ட் மிச்சம் பிடிக்கலாம். தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் எங்கள் டிஎன்எஸ் சேவையகத்துக்குப் போகும் கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவற்றை அக்சஸ் லிஸ்டில் (எதை மொழிபெயர்ப்பது என்று ரவுட்டருக்குச் சொல்லும் பட்டியல்) விலக்கிவிட்டேன். ஒவ்வொரு கேள்வியும் ஒரு போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் இதில் வரும் இலாபம் சின்னதல்ல.

பேசித் தீர்த்தது: 1,024. பொது முகவரி 64ஐ ஒதுக்கினால் 4,032 வீடுகள்.

ஜூன் 7, வெள்ளி, விடியப்புறம்

இரவு ஒரு மணிக்குப் பிறகு கொன்ஃபிக் போட்டோம், முதலில் கொக்குவில் மட்டும். வாடிக்கையாளர் பக்க இன்டர்ஃபேஸ் இன்சைட், மேல்வழங்குநர் பக்கம் அவுட்சைட், பிறகு பூல் (பொது முகவரிகளின் தொகுப்பு), அக்சஸ் லிஸ்ட், ஓவர்லோட் (ஒரு முகவரியைப் பலர் பகிர விடும் கட்டளை). ரவுட்டரை சிஜிஎன் மோடுக்கு மாற்றியதால் மொழிபெயர்ப்பு அட்டவணையில் போகுமிடத்தின் முகவரி பதிவாகாது. நினைவகத்துக்குப் பெரிய ஆறுதல்.

கூட வேலை செய்யும் தம்பிக்கு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னேன். ஒன்று, பூல் முகவரிகள் முழுவதற்கும் நல்0வுக்கு (வரும் பொதியைக் கொட்டிவிடும் போலி இன்டர்ஃபேஸ்) ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் பாதை) போட வேண்டும். இல்லாவிட்டால், அட்டவணையில் இல்லாத போர்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் பொதி டிஃபோல்ட் ரூட்டை (வேறு வழி தெரியாதவை போகும் பாதை) பிடித்துத் திரும்பி ஓடும், மேல்வழங்குநர் மறுபடி எங்களிடம் அனுப்புவார், டிடிஎல் (பொதியின் ஆயுள் எண்ணிக்கை) சாகும்வரை அந்தப் பந்தாட்டம் நடக்கும். மற்றது, ஒரு வீட்டின் எல்லா இணைப்புகளும் ஒரே பொது முகவரியில்தான் வெளியேற வேண்டும். வங்கித் தளத்தில் உள்நுழைந்த ஆள் அடுத்த நொடியில் வேறு முகவரியில் தெரிந்தால், வங்கி அவரை வெளியே தள்ளிவிடலாம்.

பலாலி வீதியில் முதல் பஸ் போகும் சத்தம் கேட்கிறது. படுக்கப் போகிறேன்.

ஜூன் 8, சனி

எதிர்பார்த்த கோல் வந்தது. கொக்குவிலில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. "பிள்ளை, கனடாவில இருந்து மகனுக்குக் கேற் கமெரா தெரியேல்லையாம். நேற்றிலிருந்து ஒரே கோல்." போனில் விளக்குகிற விஷயமில்லை என்று நேரே போனேன்.

டிவிக்குப் பக்கத்தில் தூசு படிந்த கமெரா ரெக்கோர்டர். வீட்டு ரவுட்டரில் யாரோ போர்ட் ஃபோர்வர்ட் (வெளியிலிருந்து வருவதை ரெக்கோர்டருக்குத் திருப்பும் அமைப்பு) போட்டு வைத்திருந்தார்கள். மகன் பழைய பொது முகவரியை நேராகத் தட்டித்தான் இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறார். இப்போது ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் (வான்) 100.64 என்று நிற்கிறது. வெளியிலிருந்து அந்தக் கதவைத் தட்ட வழியே இல்லை. ரெக்கோர்டரின் மெனுவில் சீரியல் எண் வழியாக இணையும் வசதியை இயக்கி, திரையில் வந்த கியூஆரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் டொரன்டோவில் கேற் தெரிந்தது. அம்மா வாசலுக்குப் போய்க் கமெராவைப் பார்த்துக் கை காட்டினார்.

இந்தக் கமெராப் படம் நேரடியாக ஓடுவதற்குக் காரணம் எண்ட்பொயின்ட் இன்டிபென்டன்ட் மேப்பிங். வீட்டின் ஒரு உள்போர்ட் எந்தத் திசையில் கதைத்தாலும் வெளியே ஒரே போர்ட்டாகத் தெரியும். அப்போதுதான் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று கண்டுபிடித்து நேரே பேசலாம். இல்லாவிட்டால் எங்கோ இருக்கும் இடைச் சேவையகத்தைச் சுற்றி, விட்டு விட்டு வரும். 2007இன் ஆர்எஃப்சி 4787 இதைக் கட்டாயம் என்கிறது. யூடிபி டைமரையும் (பேச்சு நின்ற யூடிபி இணைப்பை அட்டவணையில் வைத்திருக்கும் நேரம்) இரண்டு நிமிடத்துக்குக் கீழே இறக்கக் கூடாது என்கிறது. அட்டவணை நிரம்பாமல் இருக்க அதைக் குறைப்போம் என்று யாராவது சொன்னால் இந்த வீட்டுக்கு அழைத்து வருவேன். பாதி ஊர் வெளிநாட்டில் இருக்கும் இடம் இது. இங்கே இன்டர்நெட் என்றால் முதலில் பிள்ளைகளோடு கதைப்பதுதான்.

ஜூன் 12, புதன்

லொக் (எந்தப் போர்ட் எப்போது யாரிடம் இருந்தது என்ற பதிவு) வேலை. பொலிஸோ நீதிமன்றமோ ஒரு முகவரியைக் கொடுத்து ஆளைக் கேட்டால், இனி முகவரி மட்டும் போதாது; போர்ட்டும் சரியான நேரமும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் செய்ததற்கு 63 வீடுகள் சந்தேகத்தில் நிற்கும். அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. போர்ட்களைத் தொகுதியாகக் கொடுப்பதால், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி என்றில்லாமல் தொகுதிக்கு ஒரு வரி போதும். எல்லா ரவுட்டர்களையும் என்டிபியில் (கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) கட்டி, லொக்கை யூடிசி (உலகப் பொது) நேரத்தில் எழுத வைத்தேன். கேட்பவர் இலங்கை நேரம் சொன்னால் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் குறைத்துத் தேட வேண்டும் என்று குறிப்பேட்டில் கொட்டை எழுத்தில் எழுதியாயிற்று.

ஜூன் 20, வியாழன்

கொக்குவில் வீடுகளுக்கு ஐபிவி6ம் (முகவரித் தட்டுப்பாடு இல்லாத புதிய முறை) திறந்துவிட்டோம், வீட்டுக்கு ஒரு /56 (பெரிய முகவரித் தொகுதி). யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் அதில் பேசத் தெரிந்தவை, ஆகவே அந்தப் போக்குவரத்து மொழிபெயர்ப்புக்கே வராது. இரவு எட்டு மணி வரைபடத்தில் போர்ட் பாவனை கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது. அம்மா வீட்டு ரவுட்டர் பழசு, ஐபிவி6 தெரியாது. அப்படிப்பட்ட வீடுகளின் பட்டியலைத் தம்பி எடுக்கிறான். மாற்றுக் கருவிக்குக் காசு கேட்டு மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். அடுத்தது சுன்னாகம். அங்கேயும் 1,024தான், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.