பெயரை மாற்றிப் படித்துப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. வஞ்சிரம் வறுவல் தட்டுக்கு வருவதற்குள்ளேயே மாமாவும் சித்தப்பாவும் ஆரம்பித்துவிட்டார்கள். மாமா பரம்பரை திமுக. சித்தப்பா எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை. அன்றைக்குப் பேச்சு, அமைச்சர்கள் முப்பது நாள் காவலில் இருந்தால் பதவி போய்விடும் என்கிற 130-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதாவைப் பற்றி. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் வந்து, கூட்டுக் குழுவுக்குப் போன அதே மசோதாதான். "தப்பு பண்ணாதவன் எதுக்குப் பயப்படணும்?" என்றார் சித்தப்பா. "அமலாக்கத் துறையை அனுப்பி யாரை வேணா உள்ள தூக்கிப் போட்டுட்டு ஆட்சியைக் கலைக்கப் பார்க்கறாங்க" என்றார் மாமா. அப்புறம் வழக்கம்போல "உங்க ஆட்சியில என்ன கிழிச்சீங்க" வரைக்கும் போய், அம்மா வந்து ரசத்தை ஊற்றிய பிறகுதான் ஓய்ந்தது.

இந்தச் சண்டையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த முறை எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. இருவரும் பேசியதில் ஒரு வரியாவது அந்த மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி இருந்ததா என்றால், இல்லை.

செந்தில் பாலாஜி வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டு, 2011-க்கும் 2015-க்கும் இடையே அவர் அதிமுக ஆட்சியில் போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த காலத்தைப் பற்றியது. அப்போது எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கொதித்தவர் மாமா. "எல்லாம் பொய்க் கேஸ்" என்றவர் சித்தப்பா. 2018 டிசம்பரில் அவர் திமுகவில் சேர்ந்தார். அவ்வளவுதான், வீட்டில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள். 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை அவரைக் கைது செய்தபோது "பழிவாங்கும் நடவடிக்கை" என்றவர் மாமா. "அப்பவே சொன்னேன்ல" என்றவர் சித்தப்பா. சித்தப்பா அப்போது அப்படிச் சொல்லவே இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். புகார் மாறவில்லை, காலம் மாறவில்லை, பணம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்ததாகச் சொன்னவர்களும் அதே ஆட்கள்தான். அவர்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் குற்றம் நிரூபணமானது என்று நான் சொல்ல வரவில்லை. என் கேள்வி வேறு.

கைதான அமைச்சர் பதவியில் தொடரலாமா என்பதற்கு நம் நாட்டில் விதி என்று ஒன்றுமே இல்லை. செந்தில் பாலாஜி இலாகா இல்லாத அமைச்சராகக் காவலில் எட்டு மாதம் இருந்து, 2024 பிப்ரவரியில் பதவி விலகினார். நடுவே 2023 ஜூன் 29 அன்று ஆளுநர் அவரை நீக்குவதாக அறிவித்தார், அதே இரவில் அதை நிறுத்தியும் வைத்தார். 2024 செப்டம்பர் 26 அன்று ஜாமீன், 29 அன்று மறுபடியும் அமைச்சர். பதவியா ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் மறுபடியும் விலகல். ஒவ்வொரு அடியிலும் யாரோ ஒருவரின் விருப்பம்தான் முடிவு செய்தது: முதலமைச்சர், ஆளுநர், நீதிபதி. 2014-இல் மனோஜ் நருலா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், குற்றவழக்கு உள்ளவர்களை அமைச்சராக்குவதைப் பிரதமர், முதலமைச்சர்களின் பொறுப்புணர்வுக்கே விட்டுவிட்டது. பொறுப்புணர்வை நம்பி எத்தனை காலம் ஓட்டுவது?

அதற்காக இந்த மசோதாவை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்துக்குக் கைதாகி, தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருந்தால் 31-ஆவது நாள் பதவி போகும். இதில் நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கைது போதும், ஜாமீன் கிடைக்காமல் இருந்தால் போதும். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். அந்தச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, இவர் குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிபதிக்கே திருப்தி வந்தால்தான் விடலாம் என்கிறது. ஆக, விசாரணை அமைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் ஒரு மாநில அமைச்சரவை. மாமா சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் மாமா அங்கேயே நின்றுவிடுகிறார், அதுதான் எனக்கு ஆறவில்லை. "இது வேண்டாம்" என்று சொல்பவர் வேறு எது வேண்டும் என்றும் சொல்ல வேண்டாமா? யோசனை இல்லாமல் இல்லை. 2014-இல் சட்ட ஆணையம் தன் 244-ஆவது அறிக்கையில் சொல்லியிருக்கிறது: ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தில் நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்தாலே தேர்தலில் நிற்கத் தகுதி போக வேண்டும், கடைசி நேரத்தில் பொய் வழக்குப் போட்டுத் தடுக்காமல் இருக்க ஓராண்டு இடைவெளியும் வேண்டும் என்று. போலீஸ் தரப்பை நீதிபதி ஒருமுறை எடைபோட்ட பிறகு வரும் கட்டம் அது. அமைச்சர் பதவிக்கும் இதையே அளவாக வைக்கலாம் என்பது என் கருத்து. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படித் தகுதிநீக்கம் செய்வது எங்கள் வேலை இல்லை, நாடாளுமன்றம்தான் சட்டம் போட வேண்டும் என்று சொல்லி ஒதுங்கியது. நாடாளுமன்றம் போடவில்லை. எந்தக் கட்சியும் அதற்காகத் தெருவில் இறங்கியதை நான் பார்க்கவில்லை.

தண்டையார்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் டெல்லி விவகாரமாகத் தோன்றாது. 2017-இல் எங்கள் ஆர்.கே.நகர் தொகுதி பட்ட பாடு மறந்திருக்காது. ஏப்ரல் 12 அன்று வாக்குப்பதிவு என்று இருந்தது. அதற்குச் சில நாள் முன்பு ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் சந்துக்குள் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. ஒருவர் கையில் வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், வீட்டு எண் வாரியாக பென்சில் டிக். எதிர்வீட்டு அக்கா வாங்கிய கவரை அரிசி டின்னுக்குள் செருகியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாள் குழாயடியில் கேட்டபோது மறைக்கவில்லை. "நான் வாங்கலேன்னா என் பேருக்கும் டிக் போட்டுட்டு அவனே எடுத்துக்குவான், எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்" என்றார். வீட்டு வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலை ரத்து செய்தது. வருமான வரிச் சோதனையில் சிக்கிய காகிதங்களில் 89 கோடி ரூபாய்க்கு விநியோகக் கணக்கு இருந்ததாக அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அப்புறம்? வழக்குப் பதிவானது, 2018-இல் உயர் நீதிமன்றத்தில் அந்த முதல் தகவல் அறிக்கை ரத்தானது. ஏப்ரலில் களத்தில் இருந்த முக்கிய வேட்பாளர்கள் மூன்று பேரும் டிசம்பர் 21 அன்று நடந்த தேர்தலிலும் நின்றார்கள். யார் மீதும் எதுவும் நிரூபணமாகாததால் அவர்கள் நிற்கச் சட்டத்தில் தடையில்லை. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்தச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, பணம் கொடுத்தால் நிறுத்த அப்படி ஒரு பிரிவு இல்லை. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் இதே கூத்து நடந்த பிறகு தேர்தல் ஆணையம் அப்படியொரு பிரிவைக் கேட்டது, மத்திய அரசு கொடுக்கவில்லை. மாமாவும் சித்தப்பாவும் 2017 பற்றி இன்னும் சண்டை போடுகிறார்கள், யார் அதிகம் கொடுத்தார்கள் என்று.

அதனால் அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் மசோதாவின் அந்த ஒரு பிரிவை போனில் எடுத்து, தமிழில் சொல்லி, இருவரையும் கேட்க வைத்தேன். சித்தப்பாவிடம், மத்தியில் உங்களுக்குப் பிடிக்காத ஆட்சி, சென்னையில் உங்கள் ஆட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மாமாவிடம், மத்தியில் உங்கள் கூட்டணி, சென்னையில் அவர்கள் என்றேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "முப்பது நாள் கம்மிதான்" என்றார். அது போதும் எனக்கு. எத்தனை நாள், எந்தக் கட்டம், யார் முடிவு செய்வது என்று பேச அங்கே ஒரு இடம் கிடைத்தது. குற்றச்சாட்டுப் பதிவு வரை காத்திருந்தால் வழக்கைப் பத்து வருடம் இழுப்பார்களே என்று மாமா கேட்டார். நல்ல கேள்வி. அதற்குக் காலக்கெடு வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன், யார் வைப்பது என்று சித்தப்பா கேட்டார். பேச்சு நாலு மணி வரைக்கும் நீண்டது.

ஓட்டு கேட்டு வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், உங்கள் மீது நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்தால் பதவி விலகுவேன் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்கப் போகிறேன். கிளம்பும்போது மாமாவிடம் இதைச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க ஆளு வரும்போது முதல்ல கேளு. நானும் கூட நிக்கறேன்" என்றார்.