டென்ஷன் வேறு, பிபி வேறு

"டென்ஷன் ஆகாதே, பிபி ஏறிடும்" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். கோபத்தில் ஏறுவது உண்மைதான். கோபம் தணிந்ததும் இறங்கியும் விடும். வருடக்கணக்கில் இறங்காமல் நிற்கிற அழுத்தத்துக்கு முதலில் சிறுநீரகத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குமேல் ரத்தம் கீழ்ப்பக்கம் இறங்கிவிடுகிறது. ஆனாலும் தலை சுற்றுவதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைத்தண்டுக்குச் சொல்ல, சில நொடிகளில் இதயம் வேகமெடுக்கிறது, சிறு தமனிகள் சுருங்குகின்றன. துளி சுருக்கம் போதும்: குழாயின் ஆரம் 10 சதவீதம் குறைந்தாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஒன்றரை மடங்கு, பாதியானால் 16 மடங்கு.

இந்த உணரிகளிடம் ஒரு குறை. அழுத்தம் சில நாட்கள் தொடர்ந்து உயர்ந்திருந்தால் அதையே இயல்பென்று எடுத்துக்கொண்டு, அந்த உயர்ந்த அளவுக்கே காவல் நிற்கும்.

சிறுநீரகம் அப்படி எளிதில் பழகிப்போகாது; கணக்கு பார்க்கும். அழுத்தம் ஏறினால் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். இறங்கினால் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். கல்லீரல் தரும் ஒரு புரதத்தை ரெனின் வெட்ட, வெட்டிய துண்டை ஏசிஇ என்ற நொதி ஆஞ்சியோடென்சின்-2 ஆக்குகிறது. இந்த வேலை பெரும்பாலும் நுரையீரலில் நடக்கிறது. ஆஞ்சியோடென்சின்-2 தமனிகளை இறுக்கும். ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைத் தூண்டி உப்பைப் பிடித்துவைக்கும். 1934இல் கோல்ட்பிளாட் என்ற அமெரிக்க ஆய்வாளர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் நெருக்கி, அங்கே போகும் ரத்தத்தைக் குறைத்தார். அழுத்தம் ஏறி, ஏறிய இடத்திலேயே நின்றது. இதயத்தை அவர் தொடவே இல்லை. எனலாப்ரில் என்ற பிபி மாத்திரை தடுப்பது அந்த ஏசிஇ நொதியை. அதனால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமல் மருந்து தேடாமல் டாக்டரிடம் சொன்னால் டெல்மிசார்ட்டன் போன்ற வேறு பிபி மாத்திரைக்கு மாற்றித் தருவார்.

பெரும்பாலானோருக்கு ஒற்றைக் காரணம் சிக்காது. வயது, பரம்பரை, எடை, மது, தூக்கத்தில் குறட்டையோடு வரும் மூச்சடைப்பு எல்லாம் சேர்ந்துதான். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாம் என்பது வீண் நம்பிக்கை; அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மேலே சொன்ன மாத்திரைகள் எடுப்பவர்களும் கேட்காமல் தொடக் கூடாது. மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கித் தினமும் விழுங்கும் டைக்ளோஃபெனாக் உப்பைத் தேக்கும், பிபி மாத்திரையின் வேலையையும் கெடுக்கும்.

வீட்டில் அளப்பவர்கள் காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரம் விடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் படிய 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டை வெறும் கையில், இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஒரு வாரச் சராசரி 135/85ஐத் தொட்டால் அந்தத் தாளோடு டாக்டரைப் பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிபியையும் காட்டும்.